இலையானும் தெத்துப்பல்லும்

ஈஸ்ட் ஹாமில் போய் ஞானரட்ணம் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் ஒருவரும் கையை நீட்ட மாட்டார்கள். 'பல்லு ரட்ணம்' என்று கேட்க வேண்டும். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கோடைக்குப் பிறகு கேட்பதென்றால் 'இலையான் ரட்ணம்'. பல்லிலிருந்து இலையானுக்குப் போவது பதவி உயர்வா இறக்கமா என்று ஹை ஸ்ட்ரீட் நோர்த் மரக்கறிக் கடை வாசலில் இரண்டு கட்சி இருந்தது. ரட்ணம் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அவருக்கு அப்போது வேறு கவலை.

பல்லுக் கதை சின்னது. ஃபொறஸ்ட் கேற்றில் ஒரு கடைக்குக் கீழே, நிலவறையில், கட்டுப்பல் செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. எண்பத்து நான்கில் லண்டன் வந்து இறங்கிய ரட்ணம் அங்கே தரை கூட்டப் போய், கொஞ்சக் காலத்திலேயே மேசைக்கு ஏறிவிட்டார். பட்டறையின் ஒற்றை யன்னல் நடைபாதை மட்டத்தில் இருந்தது. மேலே மனிதர்களின் கால்கள் போய்க்கொண்டிருக்கும். கீழே தட்டுகளில் மனிதர்களின் வாய்கள் சிரித்துக்கொண்டிருக்கும். நடுவில் உள்ள மனிதரை ரட்ணம் தாமே கற்பனை பண்ணிக்கொள்வார். மாலை வெயில் சரிந்து வந்து ரோசா நிற முரசுகளில், பல் ஈறுகளில், படுகிறபோது, ஊர் பேர் இல்லாத அத்தனை வாய்களும் ஏதோ பகிடி கேட்டதுபோல ஒரே நேரத்தில் மினுங்கும். அதைப் பார்க்கவே அவர் ஓவர்டைம் செய்வார் என்று பட்டறையில் சொல்வார்கள்.

அவருடைய வேலையில் ஒரு பிடிவாதம் இருந்தது. பல் அசலைப்போலவே இருக்க வேண்டும். வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டோ அத்தனையும் அவருக்குத் தெரியும். தேத்தண்ணி குடிப்பவரின் வெள்ளை, சுருட்டுப் பிடிப்பவரின் வெள்ளை, பொய் சொல்பவரின் வெள்ளை. கடைசியை அவர் சொன்னதாகச் சொல்பவர் யோகராஜா. மினிகாப் ஓட்டுகிற யோகராஜா சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்வது நல்லது.

ரட்ணத்தின் மனைவி பெர்னடெற் மன்னார் பேசாலைக்காரி. அவருடைய இடதுபக்க மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல் இருந்தது. அது வரிசையில் நிற்காமல், எட்டிப் பார்க்க வெளியே வந்துவிட்ட பிள்ளைபோல முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். பெர்னடெற்றுக்குச் சிரிப்பு வந்தால் இடதுபக்கச் சொண்டு, மேலுதட்டின் ஓரம், முதலில் அந்தப் பல்லில் தடக்கும், ஒரு கணம் அங்கேயே தொங்கும், பிறகுதான் சத்தம் வரும். அது வந்தால் லேசில் நிற்காது. ஒருமுறை பூசை நடுவில் ஐரிஷ் பாதர் பிரசங்கத்தை நிறுத்தி, சிரிப்பு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தம்முடைய பிரசங்கத்தில் பகிடி எங்கே இருந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

தொண்ணூற்றொன்றில் பெரிய பனி கொட்டிய கிழமை, பஸ் தரிப்பில் பெர்னடெற் சறுக்கி முகம் குப்புற விழுந்தார். முன்பல் ஒன்று போனது. தெத்துப்பல்லும் அதோடு போனது.

ரட்ணம் தம் தொழிலில் அதுவரை கற்றதையெல்லாம் அந்த இரண்டு பல்லில் கொட்டினார். பக்கத்துப் பல்லின் நிறம், அதன் மினுக்கம், அதில் ஓடிய மயிரிழை வெடிப்புக்கூட வந்தது. தெத்துப்பல்லை மட்டும் வரிசையில் நேராக நிறுத்திவிட்டார். ஆண்டவர் கொஞ்சம் அவசரத்தில் விட்ட பிழையைத் திருத்திக் கொடுக்கிறோம் என்று அவருக்கு மனதுக்குள் பெருமை. பெர்னடெற் கண்ணாடியில் பார்த்தார்.

"வடிவாயிருக்கு," என்றார் பிறகு.

அன்றிலிருந்து பெர்னடெற் சிரித்தால் கை வாய்க்குப் போனது. சிரிப்பு வருவதற்கு முன்பே கை போய்விடும், கதவை முந்திப் போய்ச் சாத்துவதுபோல. வீட்டுக்குள் வந்தால் பல்லைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிடுவார். கேட்டால், "முரசு நோகுது," என்பார். முரசு நோகாது என்று ரட்ணத்துக்குத் தெரியும். அளவு பிசகினால் அல்லவா நோகும்? பிசகு எங்கே என்றுதான் தெரியவில்லை. யாரிடம் கேட்பது? மனைவியிடம் "நீர் ஏன் முந்தி மாதிரிச் சிரிக்கிறேல்லை?" என்று கேட்கிற கணவன் யாழ்ப்பாணத்திலிருந்து இன்னும் விமானம் ஏறவில்லை.

இந்தக் கவலையோடு ரட்ணம் இரண்டு வருடம் கிடந்தார். அப்போதுதான் இலையான் வந்தது.

பட்டறையில் பல்லை மினுக்குகிற கெவின் என்ற வெள்ளைக்காரர் ஓய்வெடுத்து ஸ்பெயினுக்குப் போகப் புறப்பட்டார். போகும்போது தம்முடைய தூண்டில் தடியையும், தூண்டில் முள்ளை இறுக்கிப் பிடிக்கிற சின்னக் குறடு ஒன்றையும் ரட்ணத்தின் மேசையில் வைத்தார். "உன்னுடைய கைக்கு ஃப்ளை கட்டலாம். ட்ரவுட் மீன் புழு தின்னாது, ஃப்ளைதான் தின்னும். வால்தம்ஸ்ரோ நீர்த்தேக்கத்தில் நிறைய விட்டிருக்கிறார்கள்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். தூண்டில்காரரின் பேச்சில் அந்தச் சொல்லுக்குள் தண்ணீரில் பிறந்து தண்ணீரில் சாகிற நூறு பூச்சி இருக்கிறது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை, விமானம் காத்திருந்தது.

ஃப்ளை என்றால் இலையான். யாழ்ப்பாணத்தில் இங்கிலிஷ் படித்த எவருக்கும் இதில் சந்தேகமில்லை. சாப்பாட்டில் குந்துகிற, விசுக்கி விரட்டுகிற அதே வீட்டு ஈ. ரட்ணம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தின் மீன்கடையில் ஒன்றைத் தீப்பெட்டிக்குள் பிடித்துவந்து, பட்டறைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, தூண்டில் முள்ளில் இன்னொன்றைக் கட்டினார். பல்லுக் கம்பியில் கால்கள். பொலித்தீன் சீவலில் செட்டை. பல்லுக்குப் பூசுகிற சிவப்பில் கண். மேலே மினுக்கத்துக்கு வார்னிஷ். காய்வதற்காகச் சீனிப் போத்தலின் மூடியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

திரும்பி வரும்போது குசினியில் செருப்பு அடி கேட்டது.

"அறுவான், சாகுதில்லையே!" பெர்னடெற் இரண்டாம் முறை ஓங்கினார்.

"அடிக்காதையும்! அது நான் கட்டினது!"

"கட்டினதோ? நீங்கள் பல்லெல்லோ கட்டுறனீங்கள்?"

"இப்ப இலையானும் கட்டுறன்."

பெர்னடெற் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். தூண்டில் முள் அடியில் ஏறி, இலையான் ஒரு கீறலும் இல்லாமல் குந்திக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது. கை முந்திப் போனது. தம் இலையானைப் பார்த்து ரட்ணத்துக்கு வந்த பெருமை, அந்தக் கையைப் பார்த்ததும் அங்கேயே வற்றிவிட்டது.

ஆனாலும் சனிக்கிழமை யோகராஜாவின் காரில் வால்தம்ஸ்ரோவுக்குப் போனார்கள். விடிந்தும் விடியாத நேரம். நீர்த்தேக்கத்தின் மேல் பனிப்புகை ஒரு முழ உயரத்தில் நின்றது. மின்கோபுரங்கள் இடுப்புக்குக் கீழே இல்லாமல் மிதந்தன. தூரத்தில் லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்குப் போகிற ரயில் தண்டவாளம் இல்லாமல் பஞ்சுக்குள்ளால் ஓடியது. தீவிலே நாரைகள் தங்களுக்குள் ஏதோ வழக்குப் பேசிக்கொண்டிருந்தன. இந்த நகரத்தில் இவ்வளவு தண்ணீர் இவ்வளவு காலமும் சத்தம் போடாமல் கிடந்ததா என்று ரட்ணம் வியந்துபோய் நின்றார். கொஞ்ச நேரத்துக்குப் பல்லும் மறந்தது, இலையானும் மறந்தது.

"மச்சான், நீ மீன் பிடிக்க வந்தனியோ, செபம் செய்ய வந்தனியோ?" யோகராஜா காருக்குள்ளிருந்து கேட்டார். அவர் கையில் மட்டன் ரோல்ஸ்.

ரட்ணம் எறிந்தார். இலையான் தண்ணீரில் விழுந்தது, 'க்ளுக்' என்று மூக்குப்பட அடிக்குப் போய்த் தாண்டது. எடுத்து எறிந்தார். திரும்பவும் தாண்டது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, காது குடைந்து எடுத்ததுபோல ஏதோ ஒரு பிசிறை எறிந்து, மீனுக்கு மேல் மீனாக இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பிசிறுக்குக் காலுமில்லை, கண்ணுமில்லை. ரட்ணத்துக்கு அது அநியாயமாகப் பட்டது.

அடுத்த கிழமை இன்னும் நன்றாகக் கட்டினார். காலில் மயிர் வைத்தார். அதற்கடுத்த கிழமை செட்டையில் நரம்பு கீறினார். நன்றாகக் கட்டக் கட்ட மீன்கள் இன்னும் மரியாதையாக விலகிப்போயின. 'இலையான் ரட்ணம்' என்ற பட்டம் மரக்கறிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது அந்த நாட்களில்தான்.

ஒருநாள் அவர் தேத்தண்ணி வாங்கக் கொட்டிலுக்குப் போன இடைவெளியில், யோகராஜா காரிலிருந்து இறங்கினார். தூண்டிலைச் சுற்றி எடுத்து, சந்தையில் வாங்கி மறைத்து வைத்திருந்த பொருளை முள்ளில் கொளுவி, தண்ணீருக்குள் விட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவராகப் போய்க் குந்தினார். திரும்பி வந்த ரட்ணம் நூலைத் தொட்டார். பாரம்!

"யோகா! பிடிச்சுப்போட்டன்! ஓடி வா, பிடிச்சுப்போட்டன்!"

கரைக்கு வந்தது மீன்தான். ஆனால் தலையில்லாமல், நடுவால் பிளந்து, மஞ்சளாய், புகைபோட்டு, உப்பிட்டு, கடையில் பொலித்தீனில் விற்கிற அதே மீன்.

"லண்டன் தண்ணியெல்லோ மச்சான்," என்றார் யோகராஜா முகம் மாறாமல். "மீன் சமைச்சு முடிஞ்சுதான் வரும்."

ரட்ணமும் சிரித்தார். பிறகு சட்டென்று முகம் மாறி, "இதைப் பெர்னடெற்றுக்குச் சொல்லிப்போடாதை. மடு மாதாவிலை சத்தியம் பண்ணு," என்றார்.

"ஏன்? அவ விழுந்து விழுந்து சிரிப்பாவே?"

"அதுதான் சொல்லாதை எண்டுறன்."

யோகராஜாவுக்கு விளங்கவில்லை. விழுந்து சிரிக்கிற சிரிப்புக்குக் குறுக்கே ஒரு கை வருவதைப் பார்க்க ரட்ணத்துக்கு ஏலாது என்பதை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை பெர்னடெற் குசினியிலிருந்து கூப்பிட்டார். "இஞ்சேருங்கோ, உங்கட இலையான் ஒண்டை ஹூவர் விழுங்கிப்போட்டுது!"

தூசு உறிஞ்சுகிற அந்த மெசினின் பையைக் கிழித்துத் தேடியபோது இலையான் கிடைத்தது. கம்பிக் கால்கள் பாதி இல்லை. வார்னிஷ் உதிர்ந்திருந்தது. கார்ப்பெற் பஞ்சும் பெர்னடெற்றின் தலைமயிரும் நீலச் சேலை நூலும் சுற்றி, வாலும் தலையும் தெரியாத பிசிறாக இருந்தது. எறிய மனமில்லாமல் ரட்ணம் அதைத் தொப்பியில் குத்திக்கொண்டார்.

அடுத்த நாள் விடிய, கொண்டுபோன அசல் இலையான்கள் எல்லாம் வழக்கம்போல் தாண்டு முடிந்த பிறகு, வேறு வேலையில்லாமல் அந்தப் பிசிறை எறிந்தார். அது தாழவில்லை. தண்ணீரின் தோலிலேயே, விழுந்தும் விழாமலும், மூச்சு வாங்குவதுபோல மெல்ல அசைந்துகொண்டு கிடந்தது. பனிப்புகை அதைச் சுற்றிக் கலைந்தது. கீழேயிருந்து ஒரு நிழல் அவசரமில்லாமல் எழும்பி வந்தது. தண்ணீர் ஒருமுறை சுழித்தது. பிசிறைக் காணவில்லை.

மீன் வந்தது. வெள்ளி வயிறு, விலாவில் ரோசா நிறக் கோடு. ஒரு கணம் ரட்ணத்துக்குப் பட்டறை மேசையில் வெயில் படுகிற முரசுகள் ஞாபகம் வந்தன. பகிடி ஏதும் இல்லை என்று நிச்சயப்படுத்த அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யோகராஜா காருக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"குளத்து மீன். சேத்து மணம் மணக்கும்," என்று சொல்லி, கடல்கரையில் பிறந்த பெர்னடெற் அதைச் சமைக்காமல் ஃப்றீசருக்குள் போட்டார். ரட்ணம் அதைக் கவனிக்கவே இல்லை. காலில் மயிர் வைத்த இலையானை விட்டுவிட்டு இந்தக் குப்பையை அந்த மீன் ஏன் தின்றது? அது என்ன கண்டது?

அன்று பின்னேரம் குசினியில் இரண்டு கதிரையை எதிரெதிரே இழுத்து, கண்ணாடிப் பேக்கிங் தட்டு ஒன்றை அவற்றின்மேல் பாலம்போல வைத்து, தண்ணீர் நிரப்பி, தாம் கட்டிய இலையான்களை அதில் விட்டார். பிறகு கீழே லைனோத் தரையில் மல்லாந்து படுத்தார்.

மேலே யன்னல் வெளிச்சம் தண்ணீருக்குள்ளால் ஒழுகி வந்து அவருடைய முகத்தில் அசைந்தது. குசினியின் கூரையும் விளக்கும் கொடியில் தொங்கிய துவாயும் கரைந்து ஒன்றுக்குள் ஒன்று போயின. வார்னிஷ் இலையான் தட்டின் அடியில், அவருடைய மூக்குக்கு நேரே வந்து கிடந்தது. எல்லாக் காலும் தெரிந்தது, எல்லா மயிரும் தெரிந்தது. அது செத்துக் கிடந்தது. மீனின் வாயிலிருந்து மீட்ட பிசிறோ மேலே மிதந்தது. காலில்லை, கண்ணில்லை, என்ன பூச்சி என்று சொல்ல ஏலாது. ஆனால் அதன் ஒவ்வொரு தும்பும் தண்ணீரை அழுத்திய இடத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி நடுங்கியது. மொத்தமும் சேர்ந்து, இப்போதுதான் வந்து குந்தி, இனிப் பறக்கப் போகிற ஏதோ ஒன்றாக இருந்தது. குந்துகிற விதம் அப்படியே இலையான். மற்றதொன்றும் இல்லை.

"யேசுவே! விழுந்திட்டியளோ?" பெர்னடெற் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றார்.

"இல்லை. மீனாய்க் கிடக்கிறன்."

"மீனுக்குத் தேத்தண்ணி வேணுமோ?"

"சீனி குறைச்சுப் போட்டால் குடிக்கும்."

பெர்னடெற் குனிந்து தண்ணீருக்குள்ளால் எட்டிப் பார்த்தார். இரண்டு கையிலும் தட்டு இருந்தது. சிரிப்பு வந்தபோது கை போக வழியில்லை.

ரட்ணம் கீழேயிருந்து அதைக் கண்டார். முகம் கலங்கி ஆடியது. பல் இருந்த இடமும் இல்லாத இடமும் தண்ணீரில் ஒன்றாகத்தான் தெரிந்தன. தெளிவாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இடதுபக்கச் சொண்டு மேலே போய், இல்லாத ஒரு பல்லில் தடக்குவதற்காக ஒரு கணம் நின்று தேடியது. தேடிக் காணாமல் இறங்கியது. அதற்குள் பெர்னடெற் தட்டை மேசையில் வைத்துவிட்டார். கை வந்துவிட்டது.

"ஏனப்பா, கண்ணிலை தண்ணி?"

"தட்டு ஒழுகுது போலை," என்றார் ரட்ணம்.

பெர்னடெற்றின் பழைய முரசு அச்சு பட்டறை அலுமாரியில் இருந்தது. அடுத்த நாட்களில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் மேலே போன பிறகு, ரட்ணம் அதை எடுத்து மெழுகில் பல் அடுக்கினார். கலியாணப் படத்தைப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியைத் தள்ளி வைத்தார். வெடிப்புக் கீறவில்லை, மினுக்கம் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சொண்டு எந்த இடத்தில் தடக்கும் என்பதை மட்டும் பெருவிரலால் தேடி, அந்த இடத்தில் பல்லை முன்னால் தள்ளிவிட்டார். பழைய தெத்துப்பல் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டால் அவரால் சத்தியம் பண்ண ஏலாது. யன்னலில் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பஞ்சு வைத்த பெட்டியைப் பெர்னடெற்றின் கையில் வைத்தார்.

"இன்னொரு இலையானோ?"

"போட்டுப் பாரும்."

பெர்னடெற் திறந்தார். பார்த்தார். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பின் பக்கம் திரும்பி நின்று, முதுகைக் காட்டியபடி வாயில் வைத்தார். நாக்கு உள்ளே தட்டித் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ. இது கோணல்."

"ஓம்."

"தெரிஞ்சோ வச்சனீங்கள்?"

"ஓம்."

பெர்னடெற் அகப்பையை எடுத்துக் குழம்பைக் கிண்டினார். நெடுநேரம் கிண்டினார். கிண்டத் தேவையில்லாத குழம்பு அது. ஃப்றீசரிலிருந்து இறங்கிய ட்ரவுட் அதற்குள் கிடந்தது. வெள்ளிக்கிழமை வீட்டில் வேறு மீன் இல்லை.

சாப்பிடுகிற நேரம் பார்த்து யோகராஜா வந்தார். அவருக்கு அது பழக்கம். ஆனால் வெள்ளிக்கிழமை அவர் சைவம். "உங்களுக்கு வெள்ளியெண்டால் மீன். எனக்கு வெள்ளியெண்டால் மீனைப் பாக்கிறது," என்று சொல்லிப் பருப்பைக் கிட்ட இழுத்தார்.

ரட்ணம் சோற்றைப் பிசையாமல் இருந்தார். பிறகு, "யோகா, அந்தக் கதையைச் சொல்லு," என்றார்.

"எது?"

"புகைபோட்ட மீன்."

யோகராஜா பருப்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "மடு மாதாவிலை சத்தியம் பண்ண வச்சியே?"

"நான் மாதாவோடை கதைச்சுக்கொள்ளுறன். நீ சொல்லு."

"என்ன சத்தியம்? என்ன மீன்?" பெர்னடெற் அகப்பையோடு மேசைக்கு வந்தார்.

யோகராஜா சொன்னார். எழும்பி நின்று, தூண்டில் இழுத்துக் காட்டி, 'பிடிச்சுப்போட்டன்' என்று ரட்ணத்தின் குரலிலேயே கத்திக் காட்டிச் சொன்னார். மீன் சமைச்சு முடிஞ்சுதான் வரும் என்ற இடத்தில் பெர்னடெற்றின் இடதுபக்கச் சொண்டு மேலே போனது. தடக்கியது. ஒரு கணம் அங்கேயே தொங்கியது.

கை, அகப்பையோடு, பழக்கத்தில் கிளம்பி நெஞ்சுவரை வந்தது. அங்கே நின்றுவிட்டது.

பிறகு சத்தம் வந்தது. இரண்டு வருடச் சிரிப்பு ஒன்றாய் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார், அது நிற்கவில்லை. நடுவானில் நின்ற அகப்பையிலிருந்து குழம்பு சொட்டுச் சொட்டாக ரட்ணத்தின் வெள்ளைச் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் அசையவில்லை. அசைந்தால் ஓடிவிடும் என்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.